மெக்கானம் ரோபோவுக்கு இறக்கிவிடும் பிடிச்சக்கரம்: கேள்வி பதில்

பீளமேடு: அண்ணா, எங்க போட்டி ரோபோ பேட்டரியோட 40 கிலோங்க. நாலு சக்கரமும் மெக்கானம் (சுத்திலும் சாய்வா சின்ன உருளைங்க வெச்ச, பக்கவாட்டுலயும் ஓடற சக்கரம்). பக்கவாட்டுல அருமையா ஓடுது, ஆனா எதிராளி இடிச்சா வழுக்கிட்டே போயிருது. நடுவுல ரெண்டு ரப்பர் சக்கரம் காத்துச் சிலிண்டர்ல இறக்கினாப் போதுங்களா?

பதில்: போதும் தம்பி. ஆனா ரப்பரைத் தேடறதுக்கு முன்னாடி பாரத்தைக் கணக்குப் போடுங்க. இறங்கின சக்கரத்து மேல எவ்வளவு பாரம் ஏறுதோ அவ்வளவுதான் பிடி. சக்கரத்துக்கு நேர் மேல 25 மி.மீ. போர் (உள்விட்டம்) சிலிண்டர், 3 பார் காத்து வெச்சா ஒண்ணுக்கு 147 நியூட்டன், ரெண்டுக்கும் சேர்த்து கிட்டத்தட்ட 295. ரோபோவோட எடை 392 நியூட்டன். முக்கால்வாசி ரப்பருக்குப் போயிரும், மிச்சத்துல மெக்கானம் தரையை விடாம ஆட்டத்தைத் தடுக்கும். 6 பார் வெச்சீங்கன்னா 590 நியூட்டன், ரோபோவே எந்திரிச்சு அந்த ரெண்டு சக்கரத்து மேல ஏத்தம் மாதிரி ஆடும்.

திருப்பூர்: மோட்டாருக்கு எவ்வளவு டார்க் (சுத்தற விசை) வேணுங்க?

பதில்: மொத்த எடையும் ரப்பர் மேல ஏறும்னே வெச்சுக்குங்க. சக்கரத்துக்கு 196 நியூட்டன், உராய்வுக் கெழு 1, ஆரம் 0.05 மீட்டர்: கிட்டத்தட்ட 10 நியூட்டன் மீட்டர். கியர்பாக்ஸ் வெளியே வர்ற ஸ்டால் டார்க் (மோட்டார் சுத்த முடியாம நின்னுபோற கட்டத்துல தர்ற டார்க்) 20 இருக்கோணும். அப்பத்தான் எதிராளி அசையாம நின்னாலும் சக்கரம் வழுக்கிச் சுத்தும், கரண்ட் ஸ்டால்ல பாதியைத் தாண்டாது. 10-க்கும் கொறஞ்சா சக்கரம் நின்னுரும், வைண்டிங் புகைஞ்சிரும். வேகத்துக்கு ஆசைப்படாதீங்க, அதுக்குத்தான் மெக்கானம் இருக்குதே.

ஈரோடு: எங்களுது முன்னாடி நல்லாத் தள்ளுதுங்க, ரிவர்ஸ்ல இழுத்தாப் பிடியே இல்லை. ரப்பர் தேஞ்சிருச்சுங்களா?

பதில்: ரப்பர் மேல பழி போடாதீங்க, பிவட்டை (சக்கரம் மாட்டின கை ஆடற கீலை) பாருங்க. மோட்டாரும் சக்கரமும் ஒரே கையில இருந்து, பிவட் சக்கரத்துக்கு முன்னால இருந்தா, முன்னாடி தள்ளறப்போ தரையோட எதிர்விசை கையைக் கீழ அமுக்கும். ரிவர்ஸ்ல அதே விசை கையை மேல தூக்கிரும். பிவட் தரையில இருந்து 30 மி.மீ. உயரம், சக்கர அச்சுக்கு 120 மி.மீ. தள்ளின்னா முன்னாடி தள்ளறப்போ தள்ளுவிசையில கால்பங்கு பாரம் கூடும், ரிவர்ஸ்ல அவ்வளவு கொறையும். உயரம் 60 ஆனா அரைப்பங்கு. அதனால பிவட்டைத் தாழ்த்தி, கையை நீட்டுங்க. ரெண்டு பக்கமும் ஒரே பிடி வேணும்னா லீனியர் கைடுல (நேர்கோட்டுல மட்டும் நகரவிடற தடத்துல) செங்குத்தா இறக்கறதுதான் என் கட்சி. பக்கச் சுமையைக் கைடு தாங்கோணும். சிலிண்டர் ராடு தாங்கினா ராடு வளைஞ்சு, சீல் கிழிஞ்சு, காத்துக் கசியும்.

சோமனூர்: தறி ரோலருக்குச் சுத்தற சொரசொரப்பு ரப்பர் பட்டை இந்தச் சக்கரத்துக்கு ஆகுங்களா?

பதில்: தாராளமா. உப்புத்தாள் தேச்சு, தின்னர்ல துடைச்சு, ரெண்டு பக்கமும் பசை தடவிக் காஞ்சப்புறம் ஒட்டுங்க. பட்டையோட ரெண்டு முனை சேர்ற இடத்தைச் சாய்வா வெட்டுங்க, நேரா வெட்டினா அந்த ஓரத்துலதான் மொதல்ல பிய்யும். மேட்சுக்கு முன்னாடி ஸ்பிரிட் நனைச்ச பனியன் வேஸ்டுல துடைச்சிருங்க.

பொள்ளாச்சி: எவ்வளவு கீழ இறங்கோணும்?

பதில்: மெக்கானம் மட்டத்துக்கு 3 மி.மீ. கீழ ஸ்டாப்பர், தூக்கினா 10 மி.மீ. இடைவெளி. ஓட்டத்துலயே இறக்கறதா இருந்தா, புரோகிராம்ல மொதல்ல ரப்பர் சக்கரத்தை ரோபோ வேகத்துக்குச் சுத்தவிட்டுட்டு வால்வைத் திறங்க. இறங்கி இருக்கிற வரைக்கும் பக்கவாட்டு கமாண்டைப் பூட்டிருங்க.