‘மடமையின் புகழ்ச்சி’ நூலின் 1676 பதிப்பைச் சேகரிப்பாளர்கள் ஏன் தேடுகிறார்கள்?

1511இல் முதலில் அச்சான இந்த லத்தீன் நூலில், டச்சு அறிஞர் எராஸ்மஸ் மடமையையே ஒரு பெண்ணாக மேடையேற்றிப் பேசவைத்து, துறவிகளையும் இறையியலாளர்களையும் பகடி செய்தார். 1676இல் வந்தது சித்திரப் பதிப்பு; அதாவது, அந்தப் பகடியைப் படங்களோடு அச்சிட்டது.

1515இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வந்த பதிப்பின் ஒரே ஒரு பிரதியில், பக்க ஓரங்களில் அப்போது இளைஞராக இருந்த ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் பேனாவால் படங்கள் வரைந்தார். அண்ணன் அம்புரோசியஸும் சில வரைந்தார். பள்ளிப் பாடப்புத்தக ஓரத்தில் நாம் கிறுக்கும் பொம்மைகள் போலத்தான். அந்த ஒரு பிரதி கையில் இருந்தவர் மட்டுமே அவற்றைப் பார்க்க முடிந்தது. ஆனால் என்ன உயிர் அந்தக் கோடுகளில்! அப்புறம் 160 ஆண்டுகள் கழித்து, 1676இல், பிரெஞ்சு மருத்துவர் சார்ல் பத்தேன் அவற்றைச் செப்புத் தகடுகளில் செதுக்கவைத்து, நூலோடு அதே பாசலில் வெளியிட்டார். ஹோல்பைனின் இந்தப் படங்கள் பொதுமக்களை எட்டியது அப்போதுதான். தேடலுக்குக் காரணம் இதுவே.

வாங்கும்போது படங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். சட்டம் போட்டு மாட்டப் பக்கங்களை வெட்டி எடுப்பவர்கள் உண்டு.

பழையது என்பதாலேயே 1511 முதல் பதிப்பில் ஹோல்பைன் படங்கள் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் அவை கிடையாது.