வாசகர் கேள்வி: ஈரத்தரையில் வழுக்கி விழுந்தால்

கேள்வி: முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணிபுரியும் நான், ஒருவரைக் குளிப்பாட்டிவிட்டுத் திரும்புகையில் ஈரத்தரையில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் லேசான வலிதான். இதைப் பதிவுசெய்ய வேண்டுமா?

பதில்: அவசியம் பதிவுசெய்யுங்கள், இன்றே. மருத்துவரையும் பாருங்கள். கையை ஊன்றி விழும்போது, கட்டைவிரலின் அடிப்பகுதியை ஒட்டியுள்ள படகு வடிவச் சிற்றெலும்பு முறியக்கூடும். அம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு என்பதால், மருத்துவர் கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாட்களில் மீண்டும் படமெடுக்கச் சொல்லலாம். சுளுக்கென்று விட்டுவிட்டால், எலும்பு கூடாமலேயே போகக்கூடும். விழுந்த இடம், நேரம், தரையின் நிலை, உடனிருந்தவர் ஆகியவற்றை எழுதிக்கொடுத்து, நகலொன்றை வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீடு கோர நேர்ந்தால் அது உதவும். ‘என் கவனக்குறைவு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: சோப்பு நீர் தேங்கிய தரையில் எவரும் வழுக்குவார்; வடிகாலையும் தரையையும் சரிசெய்ய வேண்டியது நிர்வாகமே.