பேக்கிங் பவுடரை மட்டும் கூட்டாதீர்கள்! வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, கேக் ஓவனுக்குள் இருக்கும்போது நன்றாக உப்பி மேலே வருகிறது. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. பேக்கிங் பவுடர் போதவில்லையோ என்று இரண்டு மடங்காகப் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது. ஏன்?

பதில்: மோசமாகத்தான் ஆகும். பேக்கிங் பவுடர் கூடினால் வாயு நிறைய வரும், சரி, அந்த வாயுவைப் பிடித்து வைக்க முட்டையும் மாவும் வெந்து இறுக வேண்டுமே! அதற்குள் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும், உப்பியதெல்லாம் அப்படியே அமுங்கிவிடும். வாயிலும் ஒரு கசப்பு நிற்கும். 125 கிராம் மைதாவுக்கு 1 டீஸ்பூன், மிஞ்சினால் ஒன்றேகால். அதற்கு மேல் வேண்டவே வேண்டாம். டப்பா பழையதாக இருந்தால் அரை டீஸ்பூனைச் சூடான தண்ணீரில் போட்டுப் பாருங்கள், உடனே பொங்கி நுரைக்க வேண்டும். சும்மா கிடந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஆனால் உங்கள் கேக் விஷயத்தில் நான் பவுடரை விட ஓவனைத்தான் அதிகம் சந்தேகப்படுகிறேன். வீட்டு ஓவனில் 180 டிகிரி என்று திருகி வைத்தால் உள்ளே 180தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள், 15, 20 டிகிரி முன்னே பின்னே இருப்பது சாதாரணம். சூடு குறைவாக இருந்தால் கேக் உப்பும், ஆனால் இறுகாது. கூடுதலாக இருந்தால் மேல்பக்கம் சீக்கிரம் வெந்து வெடித்துக்கொள்ளும், உள்ளே பச்சை மாவாகவே இருக்கும். ஓவனுக்குள் வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அலங்கார நாசில் செட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கேக் வைப்பதற்கு முன் 15 நிமிடமாவது ஓவனைச் சூடாக்குங்கள். வேகும் நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடியும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

வெந்துவிட்டதா என்று பார்க்கக் குச்சி குத்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு நடுவில் விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே எழும்பிவிட வேண்டும், ஓரங்கள் டின்னை விட்டு மெல்ல விலகியிருக்க வேண்டும். காதைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய்க் கேளுங்கள் (தொட்டுச் சுட்டுக்கொள்ளாதீர்கள்!). வேகாத கேக் உள்ளே ஈரம் கொதித்து மெல்லிய சரசரப்புச் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். வேக வேக அது அடங்கிவரும்.

கேள்வி: ரெசிபியில் 8 இஞ்ச் டின் என்று போட்டிருக்கிறது, என்னிடம் 6 இஞ்ச்தான் இருக்கிறது. அளவை முக்கால் ஆக்கினால் போதுமா?

பதில்: போதாது, பாதியாக்குங்கள். விட்டம் முக்கால் என்றால் பரப்பளவும் முக்கால் என்று தோன்றும், ஆனால் வட்டத்தின் பரப்பு ஆரத்தின் இருமடிப்படி போகும். 8 இஞ்ச் டின்னுக்குச் சுமார் 50 சதுர இஞ்ச், 6 இஞ்ச் டின்னுக்குச் சுமார் 28. அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். முக்கால் மாவை ஊற்றினால் வழிந்து ஓவன் அடியில் கருகும், அதைச் சுரண்டும் வேலை உங்களுக்குத்தான். இன்னொரு வழி, முழு அளவு மாவையும் கலந்து இரண்டு 6 இஞ்ச் டின்களில் பிரித்து ஊற்றுங்கள், நடுவில் க்ரீம் தடவி அடுக்கவும் வசதி. எப்படியானாலும் டின்னில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மாவு நிற்கக் கூடாது.

கேள்வி: பேக்கிங் பவுடர் இல்லாதபோது சோடா போடலாமா?

பதில்: புளிப்பு ஏதாவது இருந்தால் போடலாம். சோடாவுக்குத் தயிர், மோர், எலுமிச்சைச் சாறு மாதிரி ஒரு புளிப்பு வேண்டும், பவுடருக்குள் அந்தப் புளிப்பு ஏற்கெனவே கலந்திருக்கிறது. சோடாவின் வேகம் பவுடரைப் போல மூன்று, நான்கு மடங்கு, அதனால் 1 டீஸ்பூன் பவுடருக்கு கால் டீஸ்பூன் சோடாவும் ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறும் கணக்கு. ஆனால் கலந்ததும் ஓவனுக்குள் போய்விட வேண்டும். மாவைக் கலந்து வைத்துவிட்டு போன் பேசப் போனீர்கள் என்றால் வாயு அதன் வழியே போய்விடும்.

கேள்வி: குக்கீஸில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்தேன். பரவாமல் உருண்டையாகவே நிற்கிறது, நிறமும் வரவில்லை.

பதில்: இனிப்பு மட்டுமா சர்க்கரையின் வேலை? ஓவனில் உருகி குக்கீயைப் பரவவிடுவது, ஓரத்தை மொறுமொறுப்பாக்குவது, பொன்னிறம் தருவது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. கால் பங்குவரை, அதாவது 200 கிராம் என்றால் 150 வரை குறைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதற்குக் கீழே போனால் நீங்கள் செய்வது வேறொரு பலகாரம். இனிப்பு திகட்டுகிறது என்பதுதான் பிரச்சினை என்றால் முதலில் ஒரு சிட்டிகை உப்பு கூட்டிப் பாருங்கள், பலருக்கு அதிலேயே சரியாகிவிடும். இதற்கு நேர்மாறாக, ரொம்பப் பரவித் தட்டையாகிறது என்று கேட்டிருப்பவர்களுக்கு: வெண்ணெய் மிகவும் இளகியிருக்கிறது. உருட்டி வைத்த மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள், சூடான ட்ரேயில் அடுத்த ஈடு வைக்காதீர்கள்.

கேள்வி: சாக்லேட்டை உருக்கும்போது திடீரென்று மணல் மாதிரி கட்டிப்பட்டுப் போனது. முழுவதையும் கொட்ட வேண்டியதுதானா?

பதில்: ஐயோ, கொட்டாதீர்கள். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்திருக்கும், ஈரக் கரண்டியாகக்கூட இருக்கலாம், இல்லை டபுள் பாய்லிங் ஆவி. சாக்லேட்டில் கொழுப்புக்குள் சர்க்கரையும் கோகோவும் காய்ந்த பொடியாக மிதக்கின்றன, துளி ஈரம் பட்டதும் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. வேடிக்கை என்னவென்றால் கொஞ்சம் தண்ணீர்தான் ஆபத்து, நிறைய இருந்தால் இல்லை. சூடான பாலோ க்ரீமோ ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே வாருங்கள், பளபளவென்று சாஸாக மாறிவிடும். மேலே முலாம் பூசி இறுக வைக்க அது ஆகாது. கேக் மேல் ஊற்ற, ஐஸ்க்ரீமோடு சாப்பிடத் தாராளமாக ஆகும்.

கேள்வி: அன்னாசிப்பழம் போட்ட ஜெல்லி ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தும் இறுகவில்லை.

பதில்: பச்சையாகப் போட்டிருப்பீர்கள். அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி ஜெலட்டினைச் சிதைத்துவிடும். பப்பாளி, கிவி இரண்டிலும் இதே கதைதான். பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேருங்கள், டின்னில் வருகிற பழம் ஏற்கெனவே சூடு பட்டது என்பதால் அதில் தொல்லை இல்லை. அகர் அகர் பயன்படுத்தினால் இந்த நொதி ஒன்றும் செய்யாது.

கேள்வி: ஓவன் இல்லை. விருந்தினருக்கு வைக்கிற மாதிரி ஏதாவது ஒன்று, சுலபமாக?

பதில்: கேரமல் புட்டிங். முட்டை சாப்பிடுபவர்களுக்கு இதைவிட லாபமான இனிப்பு எனக்குத் தெரியாது. 100 கிராம் சர்க்கரை, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீர், சில சொட்டு எலுமிச்சைச் சாறு, மூன்றையும் அடிகனமான பாத்திரத்தில் வையுங்கள். கரண்டி போடாதீர்கள், கிளறினால் ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை உள்ளே விழுந்து எல்லாம் மறுபடி கல்கல்லாகிவிடும், பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றினால் போதும். முதலில் பெரிய குமிழி, அப்புறம் வைக்கோல் நிறம், அப்புறம் தேன் நிறம். அதிலிருந்து கருகுவதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. தேன் நிறம் கொஞ்சம் ஆழமானதும் அடுப்பை அணைத்துக் கிண்ணத்தில் ஊற்றிவிடுங்கள். 160 டிகிரிக்கு மேல் இருக்கும், விரலில் தொட்டு ருசி பார்க்கும் ஆசை வேண்டாம்.

500 மில்லி பாலை வெதுவெதுப்பாகச் சூடு செய்து 75 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். 4 முட்டையை நுரைக்காமல் கலக்கி, பாலை அதில் மெதுவாக ஊற்றி, வெனிலா சேர்த்து வடிகட்டுங்கள். வடிகட்டுவதை விட்டுவிடாதீர்கள், வழவழப்பு அதில்தான் இருக்கிறது. கேரமல் மேல் ஊற்றி, ஃபாயிலால் இறுக மூடி, சிறு தீயில் 35 நிமிடம் போல ஆவியில் வேகவையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் புட்டிங் முழுக்கப் பொத்தல் விழும். ஓரம் இறுகி நடு மட்டும் லேசாக ஆடும்போதே இறக்கிவிடுங்கள், மிச்ச சூட்டில் அது வெந்துகொள்ளும். ஆறியதும் ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம். கவிழ்ப்பதற்கு முன் ஓரத்தில் ஒருமுறை கத்தி ஓட்டுங்கள்.

கேள்வி: முட்டை மஞ்சள் கருவும் கார்ன்ஃப்ளாரும் சேர்த்துச் செய்த கஸ்டர்ட் கெட்டியாகத்தான் இருந்தது, மறுநாள் தண்ணீராகிவிட்டது.

பதில்: கெட்டியானதும் பயந்துபோய் இறக்கிவிட்டீர்கள். மஞ்சள் கருவில் ஸ்டார்ச்சைக் கரைக்கும் நொதி ஒன்று உண்டு, குமிழி வரும்வரை கொதித்தால்தான் அது அடங்கும். ஸ்டார்ச் இருப்பதால் முட்டை சட்டென்று திரியாது, தைரியமாக ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் கிளறுங்கள்.

கேள்வி: க்ரீமை எவ்வளவு அடித்தாலும் பொங்கி வரமாட்டேன் என்கிறது!

பதில்: பாக்கெட்டைத் திருப்பிக் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 30க்குக் கீழே இருந்தால் விடியவிடிய அடித்தாலும் வராது, 35 இருந்தால் நல்லது. க்ரீம், கிண்ணம், பீட்டர் எல்லாமே ஜில்லென்று இருக்க வேண்டும். வந்துவிட்டால் உடனே நிறுத்துங்கள், இன்னும் கொஞ்சம் என்று ஓட்டினால் திரிந்து வெண்ணெய்தான் கிடைக்கும்.