எண்ணெய் கக்காத சீஸ் டிப்

கேள்வி: ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து உறவினர்கள் உப்புவெளி வீட்டுக்கு வருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் கொறிக்க சீஸ் டிப் வைக்க விருப்பம். போன தடவை செடார் சீஸைப் பாலில் போட்டுக் காய்ச்சினேன். மேலே எண்ணெய் மிதந்தது, அடியில் மணல் மாதிரித் திரண்டது. மேசையில் வைத்ததும் இறுகியும் போனது. என்ன பிழை?

பதில்: கொதிக்க விட்டதுதான் பிழை. செடாரின் கொழுப்பைப் புரதம் வலைபோலப் பிடித்து வைத்திருக்கிறது. சூடு மிஞ்சினால் அந்த வலை சுருங்கி, கொழுப்பையும் நீரையும் வெளியே தள்ளிவிடும். நீங்கள் கண்ட மணல் அந்தச் சுருங்கிய புரதம்தான்.

இதற்கு இரண்டு காவல் போடலாம். ஒன்று, மா. மற்றது, வட்டப் பெட்டியில் முக்கோணமாக வரும் சீஸ். அதைச் சிறுபிள்ளைச் சாப்பாடு என்று ஒதுக்காதீர்கள். அதில் சேர்த்திருக்கும் சிட்ரேட், பொஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியவிடாது. பெட்டியில் ஈ331, ஈ339, ஈ452 என்று இருப்பவை அவைதான். ஆனால் அதை மட்டும் போட்டால் சுவை தட்டையாக இருக்கும். ஆகவே சுவைக்குச் செடார், பிணைப்புக்கு முக்கோணம். விலை கூடிய கிரீம் சீஸ் இதற்குத் தேவையே இல்லை.

எட்டுப் பேரளவில்: தாச்சியில் 30 கிராம் பட்டரை உருக்கி, நசுக்கிய உள்ளி இரண்டு பல்லு, பொடியாக அரிந்த பச்சை மிளகாய் ஒன்று போட்டு வதக்குங்கள். இரண்டு மேசைக்கரண்டி கோதுமை மாவைத் தூவி, பச்சை மணம் போகும்வரை, நிறம் மாறாமல் கிளறுங்கள். 300 மில்லி லீற்றர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைக்க வேண்டும். கரைத்த பால்மாவும் சரி, முழு ஆடைப்பால்மாவாக இருந்தால் போதும். கொதித்துத் தடித்ததும் அடுப்பை அணையுங்கள். சீஸ் இதற்குப் பிறகுதான். முதலில் நாலு முக்கோணங்கள், பின்பு 150 கிராம் துருவிய செடாரைப் பிடிபிடியாகப் போட்டுக் கிளறுங்கள். தாச்சியின் சூடே உருக்கிவிடும். துருவிப் பொதி செய்து விற்பதை வாங்காதீர்கள். ஒட்டாமலிருக்க அதில் மாப்பொருள் தூவியிருப்பதால் வழவழப்பு வராது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்தே போடுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. தேசிக்காய்ப் புளி வேண்டுமானால் பரிமாறும்போது நாலு துளி.

இறுகியதற்குக் காரணம் வேறு. ஆறினால் மாவும் கொழுப்பும் உறையும், அது இயல்பு. திருகோணமலையில் கச்சான் காற்றும் மேலே சுழலும் ஃபேனும் சேர்ந்து சீக்கிரமே ஆடை படிய வைத்துவிடும். டிப் கோப்பையைச் சுடுநீர் ஊற்றிய அகன்ற பாத்திரத்துக்குள் இறக்கி, ஃபேனுக்கு நேரே இல்லாமல் வையுங்கள். முதல் நாளே செய்தால் மேற்பரப்பில் ஒட்டும்படி பொலித்தீன் மூடி பிரிஜ்ஜில் வைத்து, மறுநாள் இரண்டு கரண்டி பால் விட்டு மெல்லிய தீயில் சூடாக்கலாம். 32 பாகைக்கு மேல் வெயில் காயும் நாளில் பாலுணவை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது நல்லதல்ல. ஆகவே பாதியை மேசைக்கு எடுங்கள், மீதி பிரிஜ்ஜில் இருக்கட்டும்.

தொட்டுக்கொள்ள மரவள்ளிச் சிப்ஸ், வெள்ளரிக்காய், காய வாட்டிய பாண் துண்டுகள் போதும். அப்பளம் வேண்டாம், அதன் உப்பு சீஸின் உப்போடு சேர்ந்து நாக்கைக் கெடுக்கும். அவித்த நண்டுச் சதையை நன்றாகப் பிழிந்து, மிளகுத்தூளோடு பாதி டிப்பில் கலந்தால் உங்கள் ஊர் ருசியே வேறு. சைவக்காரர் வருகிறார்கள் என்றால் நண்டு போட்டதற்குத் தனிக்கோப்பை, தனிக்கரண்டி.

அடுப்பே வேண்டாமென்றால் சட்டியில் வரும் எருமைத் தயிரை மெல்லிய துணியில் கட்டிப் பிரிஜ்ஜுக்குள் இரவு முழுவதும் வடிய விடுங்கள். காலையில் துருவிய சீஸ், உள்ளி, மிளகு சேர்த்து அடித்தால் குளிர்ந்த டிப் ஆயிற்று. அதில் எண்ணெய் பிரியும் பேச்சே இல்லை.