பயாப்ஸி ரிப்போர்ட் ஏன் தாமதமாகிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவின் மார்பில் இருந்த கட்டியில் பயாப்ஸி எடுத்து ஐந்து நாள் ஆகிறது. ரத்தப் பரிசோதனை முடிவு அன்று மாலையே வந்துவிடுகிறதே, இதற்கு மட்டும் ஏன் இத்தனை நாள்?

பதில்: காத்திருப்பது எவ்வளவு வேதனை என்று தெரியும். ஆனால் அந்த நாட்கள் வீணாகப் போகவில்லை. ரத்தத்தைப் பெரும்பாலும் இயந்திரம் அளந்துவிடும். சதையை ஒரு நோயியல் மருத்துவர், அதாவது பேத்தாலஜிஸ்ட், உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அதைப் பார்க்கும் பக்குவத்துக்குக் கொண்டுவரவே நேரம் பிடிக்கிறது.

எடுத்த சதை உடனே சதையைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் விழ வேண்டும். தாமதித்தால் செல்கள் சிதையத் தொடங்கும். ஃபார்மலின் மணிக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். மார்பகச் சதை குறைந்தது 6 மணி நேரம், அதிகம் போனால் 72 மணி நேரம் ஊற வேண்டும். சரியாக ஊறாத சதையில் ஹார்மோன் ஏற்பிச் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று வரலாம். ஹார்மோன் மாத்திரை பலன் தருமா என்பதை அந்தச் சோதனையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் இந்த இடத்தில் அவசரம் கூடவே கூடாது.

பிறகு ஆல்கஹாலில் போட்டு நீரை எடுத்து, சைலீனில் போட்டு ஆல்கஹாலை எடுத்து, சுமார் 60 டிகிரியில் உருகிய பாரஃபின் மெழுகை ஏற்றுவார்கள். பெரும்பாலும் ஓர் இரவு வேலை. மறுநாள் அந்த மெழுகுக் கட்டியை மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள்; தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் அந்தச் சீவலைச் சுருக்கம் விழாமல் ஸ்லைடில் ஏந்த வேண்டும். கத்தியில் சிறு பிசிறு இருந்தாலும் சீவல் நெடுகக் கோடு விழும். ஹீமடாக்ஸிலின் சாயம் உட்கருவை நீலமாக்கும். ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். அதன்பிறகே மைக்ரோஸ்கோப்.

புற்றுநோய் என்று தெரிந்தால் இ.ஆர்., பி.ஆர். என்ற ஹார்மோன் ஏற்பிகளுக்கும் ஹெர்-2 என்ற புரதத்துக்கும் செய்யும் சோதனைகளுக்கு இன்னும் ஓரிரு நாள் ஆகும். ஆய்வகத்தில், ‘கூடுதல் சோதனை ஏதாவது போட்டிருக்கிறீர்களா?’ என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

கேள்வி: ஆபரேஷன் நடக்கும்போதே இருபது நிமிடத்தில் முடிவு சொல்கிறார்களே. எல்லாருக்கும் அப்படியே செய்தால் என்ன?

பதில்: அது ஃப்ரோஸன் செக்‌ஷன். சதையை மைனஸ் 20 டிகிரி அளவில் உறையவைத்துச் சீவுவது. பனித்துகள் செல்களைக் கிழிக்கும். கொழுப்பு அந்தக் குளிரில் சரியாக உறையாமல் நழுவும். ‘ஓரம் வரை புற்று இருக்கிறதா, இன்னும் வெட்டவா?’ என்பதுபோல சர்ஜன் அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டிய கேள்விக்கு மட்டுமே அது. இறுதி ரிப்போர்ட் மெழுகுக் கட்டியிலிருந்துதான்.

கேள்வி: பிளேட்லெட் 38,000 என்று வந்தது. உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. பயமாக இருக்கிறது.

பதில்: ரத்தம் உறையாமல் இருக்கக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ. என்ற ரசாயனமே சிலருக்குப் பிளேட்லெட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். இயந்திரம் அந்தக் கொத்தைப் பிளேட்லெட்டாக எண்ணாது; அதனால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து வரலாம். ரத்தத்தை ஸ்லைடில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கொத்துக் கொத்தாகத் தெரியும். சிட்ரேட் என்ற வேறு திரவம் உள்ள குழாயில் மறுபடி எடுத்து, வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்கிக்கொள்வார்கள், ஒன்பது பங்கு ரத்தத்தில் ஒரு பங்கு திரவம் கலந்திருக்கிறதல்லவா, அதற்காக. இதைச் சரிபார்க்கும்வரை நீங்களாக எதுவும் முடிவு கட்ட வேண்டாம். ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் மட்டும் அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: மருத்துவம் படிக்கும் மகள் பேத்தாலஜி எடுக்கிறேன் என்கிறாள். ‘நோயாளியையே பார்க்காத டாக்டரா?’ என்று உறவினர்கள் கேட்கிறார்கள்.

பதில்: தைரியமாக எடுக்கச் சொல்லுங்கள். கழுத்துக் கட்டியில் ஊசி குத்திச் செல் எடுப்பதைப் பல இடங்களில் பேத்தாலஜிஸ்ட்களே செய்கிறார்கள். ரத்த வங்கியையும் பல இடங்களில் அவர்களே கவனிக்கிறார்கள். புற்றுநோய்க்கு என்ன சிகிச்சை என்று பல துறை டாக்டர்கள் கூடிப் பேசும்போது ஸ்லைடைத் திரையில் காட்டி விளக்குபவரும் அவர்தான். பொறுமையும், சந்தேகம் வந்தால் ‘இன்னொருவர் பார்க்கட்டும்’ என்று சொல்லும் மனசும் வேண்டும். கழுத்துவலி வரும். ஃபார்மலின் ஆவி புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்பதால், காற்று உறிஞ்சும் வசதியுள்ள மேசையில்தான் சதையை வெட்ட வேண்டும். அது இல்லாத ஆய்வகத்தில் சேர வேண்டாம்.

ஒன்றை அவளும் நீங்களும் மனதில் வையுங்கள். பேத்தாலஜிஸ்ட் கைக்கு வருவது ஒரு துண்டு சதையும் ஒரு படிவமும் மட்டுமே. முறிந்து ஆறிக்கொண்டிருக்கும் எலும்பு, மைக்ரோஸ்கோப்பில் எலும்புப் புற்றுபோலவே தோன்றக்கூடும். படிவத்தில் ‘மூன்று வாரம் முன் விழுந்தார்’ என்ற ஒரு வரியும், கூடவே எக்ஸ்ரேயும் இருந்தால் அந்தக் குழப்பம் தீரும். காசநோய் சந்தேகம் என்றால் கிருமி வளர்க்கும் சோதனைக்கு ஒரு துண்டைச் சலைனில் தனியாக அனுப்ப வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். அதனால் பயாப்ஸிக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட், ஸ்கேன், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். இரண்டாவது கருத்து கேட்பதானால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்லைடையும் மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.