கைகாட்டியும் அம்புக்குறியும்

அன்புள்ள ஐயா,

எல்டர் ஸ்க்ரோல்ஸ் வீடியோ கேம் வரிசையில் மாரோவிண்ட் (2002) நல்லதா, அதற்கு அடுத்து வந்த ஒப்ளிவியன் (2006) நல்லதா? இரண்டையும் ஒப்பிடும் நான்கு மணிநேர வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, மாரோவிண்டை ஒருமணிநேரம் ஆடினேன். அடித்தால் அடி விழவில்லை. எல்லாவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறது. எங்கே போகவேண்டும் என்று மேப்பிலும் காட்டுவதில்லை. நடந்தே நேரம் வீணாகிறது. இந்தக் குறைகளை ஒப்ளிவியனில் சரிசெய்துவிட்டார்கள் அல்லவா? 2025இல் அதைப் புதுப்பித்த ரீமாஸ்டரும் வந்துவிட்டது. நேராக அதற்கே போய்விடலாமா?

சி.

அன்புள்ள சி.,

நான்கு மணிநேரம் வேடிக்கை பார்த்தீர்கள், ஒருமணிநேரம் ஆடினீர்கள். எந்த நேரம் வீணானது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இப்படிக் கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. போனவாரம் பழைய பெட்டியைக் குடைந்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. அதே வாரத்தில் உங்கள் கடிதமும் வந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். மாரோவிண்டில் வாள் உடம்பில் பட்டாலும் அடி விழுந்ததா என்பதை உள்ளே உருளும் தாயம்தான் முடிவுசெய்கிறது. ஆயுதத் தேர்ச்சி, லாவகம், அதிர்ஷ்டம், மிச்சமிருக்கும் தெம்பு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஓடினால் தெம்பு இறங்கும். பச்சைக் கோடு காலியாகும்வரை ஓடிவந்து, பழக்கமில்லாத கோடரியை வீசினால் நண்டுகூடச் சிரிக்கும். தப்பு உங்களுடையது. படிக்க வேண்டியிருக்கிறது என்கிற புகாரை ஒரு எழுத்தாளனிடமே சொல்கிறீர்களே, உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

சரி, வழிக்கு வருவோம்.

மாரோவிண்டில் ஒருவர் உங்களை ஓரிடத்துக்கு அனுப்பினால் வழியையும் வாயாலேயே சொல்வார். பால்மோரா ஊரில் ஹாஸ்ஃபாட் என்றொருவர், ஆர்க்ந்தாண்ட் என்ற இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவரச் சொல்வார். ஊருக்குத் தெற்கே போ, ஆற்றைத் தாண்டு, கைகாட்டியில் வடக்கே திரும்பு, மேடேறினால் பள்ளத்தின் குறுக்கே பழைய பாலம் வரும், தாண்டினால் வாசல். இவ்வளவுதான். திசை காட்ட அம்பு எதுவும் வராது. உங்கள் பயணக் குறிப்பேடோ எல்லா வேலைகளையும் தேதிவாரியாகக் கலந்துகட்டி வைத்திருக்கும். அதே வருடம் வந்த டிரிபியூனல் விரிவாக்கத்தில்தான் வேலைவாரியாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

அந்த நாட்களில் அண்ணன்தான் ஆடுவான். மவுஸைத் தொட எனக்கு அனுமதி இல்லை. என் வேலை நோட்டு. யார் என்ன வழி சொன்னாலும் எழுதி வைத்து, அவன் நடக்கும்போது ஒவ்வொரு வரியாக வாசிக்க வேண்டும். ஆர்க்ந்தாண்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே கதவே இல்லை, வெறும் பாறை. இரண்டு சாயங்காலம் அந்தப் பாறையைச் சுற்றிச்சுற்றி வந்தோம். மூன்றாவது நாள் நோட்டுத் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி: “குழாயில் கைப்பிடி, திருப்பினால் திறக்கும்.” அண்ணன் திட்டவில்லை. நோட்டை வாங்கி, அட்டையில் ‘பின்பக்கம் பார்’ என்று கொட்டை எழுத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தான். அந்த நோட்டுதான் போனவாரம் கிடைத்தது.

ஒப்ளிவியன் வந்தது. திரையின் அடியில் திசைகாட்டி, அதில் ஓர் அம்புக்குறி. எந்தக் குகை, எந்த அறை, எந்த ஆள் என்று அதுவே இழுத்துக்கொண்டு போகும். பெரிய நகரங்களுக்கு முதல் நாளிலிருந்தே மேப்பைத் தொட்டுப் போய்விடலாம், க்வாட்ச் ஒன்றைத் தவிர. அண்ணன் தனியாகவே ஆடி முடித்துவிட்டான். நான் நோட்டும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், எழுத ஒன்றுமில்லை.

“பிடிக்காவிட்டால் அம்பைப் பார்க்காமல் ஆடுங்களேன்” என்று சொல்வார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் விடமாட்டேன். அம்பை மறைத்தால் போதாது. அம்பு இருக்கிறது என்ற தைரியத்தில் அங்குள்ள மனிதர்கள் பெரும்பாலும் வழி சொல்வதையே விட்டுவிட்டார்கள். “உன் மேப்பில் குறித்துவிட்டேன்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எல்லா வசனத்துக்கும் குரல் பதிவுசெய்தாயிற்று, நீளமாகப் பேசவைத்தால் செலவு. படிக்கிற வேலை இல்லாமல் குரல் வந்தது, வழி போய்விட்டது. மாரோவிண்டில் சிலர் தப்பான வழிகூடச் சொல்வார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கும். தப்பாக வழி சொல்பவரை நாளைக்கும் ஞாபகம் இருக்கும், அம்பை யார் நினைத்துக்கொள்கிறார்கள்?

நடந்தே போகவேண்டும் என்பதும் பாதி உண்மைதான். சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பெரிய பூச்சியின் முதுகில் போகலாம், படகு உண்டு, மந்திரவாதிகள் சங்கத்தில் கண்மூடித் திறப்பதற்குள் ஊர் மாற்றுவார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்பதை மட்டும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஒப்ளிவியனின் நிலப்பரப்புதான் பெரிது. ஆனாலும் மாரோவிண்டின் தீவுதான் ஆடியவர்கள் மனத்தில் பெரிதாக நிற்கிறது. பத்தடிக்கு அப்பால் மூடுபனி, குறுக்கே மலைமுகடு, மெதுவான நடை. அவசரப்பட்டால் என்னாகும் என்று காட்டவும் ஒருவர் இருக்கிறார்: செய்டா நீன் ஊரைவிட்டுக் கொஞ்சதூரம் நடந்ததுமே, வானளவு தாவும் மந்திரத்தை முயன்றுபார்த்து வானத்திலிருந்து அலறிக்கொண்டே வந்து விழுந்து சாவார்.

ஒப்ளிவியனை மட்டமாகச் சொல்லவில்லை. கொலைகாரர் சங்கத்தின் கதைகள் அருமை. ஆட்டத்தின் தொடக்கத்தில் சாக்கடையிலிருந்து வெளியே வந்ததும் தண்ணீருக்கு அக்கரையில் வெள்ளை இடிபாடு தெரியுமே, அந்தக் காட்சிக்காகவே ஒருமுறை ஆடலாம். ஆனால் நீங்கள் வளர வளர உலகமும் கூடவே வளர்கிறது. கடைசியில், விலையுயர்ந்த கண்ணாடிக் கவசத்தில் ஜொலிக்கிற வழிப்பறிக்காரன் உங்களிடம் 100 பொற்காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் ஊரை வாங்கலாம்.

எதை ஆடுவது என்று கேட்டீர்கள். ஒப்ளிவியன் எங்கும் ஓடிவிடாது, அதற்குத்தான் அம்பு இருக்கிறதே. மாரோவிண்டை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். வாசிக்க யாராவது கிடைத்தால் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், மவுஸையும் அவ்வப்போது கொடுங்கள். ஆர்க்ந்தாண்டில் கைப்பிடியைத் திருப்ப மறக்காதீர்கள். பெட்டி உள்ளே ஒரு சின்ன அறையில், அலமாரித் தட்டில் இருக்கிறது. எந்த அறை என்று சொல்லமாட்டேன்.