கையில் இருக்கிற காசுக்கு எந்த ட்ரையத்லான் சைக்கிள்?

போன மாதம் ஈசிஆரில் சைக்கிள் ஓட்டி முடித்து, கோவளம் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றிருந்தோம். ட்ரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) பற்றி நாலு பேர் மாற்றி மாற்றிக் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, என்ன சைக்கிள் வாங்கட்டும்?" எழுதி அனுப்புங்கள், உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்றேன். வந்து குவிந்ததில் ஒன்று போலவே இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் கடைக்காரியும் இல்லை, கோச்சும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன். அதில் இரண்டு தடவை தப்பான சைக்கிள் வாங்கிக் காசை விட்டிருக்கிறேன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

கையில் 80 ஆயிரம் இருக்கிறது. கோவா 70.3 (மொத்தம் 70.3 மைல் தூர ட்ரையத்லான்) தான் முதல் போட்டி. ட்ரை பைக்கா, ரோடு பைக்கா? (வேளச்சேரி, 29 வயது)

ரோடு பைக் (ஹேண்டில்பார் கீழே வளைந்த பந்தயச் சைக்கிள்), தம்பி. அந்தக் காசுக்கு, ட்ரையத்லானுக்கென்றே செய்த புது ட்ரை பைக்கை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, 80 ஆயிரத்தையும் சைக்கிளிலேயே கொட்டிவிடாதீர்கள். 55, 60 ஆயிரத்துக்குள் அலுமினியம் ஃப்ரேமில் உருப்படியான ரோடு பைக் கிடைக்கும். மிச்சத்தில் ஹெல்மெட், ஷூவைப் பூட்டிக்கொள்ளும் க்ளிப் பெடல், அதற்கான ஷூ, க்ளிப்-ஆன் ஏரோ பார் (ஹேண்டில்பாரில் மாட்டி, முழங்கை ஊன்றிக் குனிவதற்கான கம்பி), நல்ல டயர் ஒரு ஜோடி, பஞ்சர் சாமான், உடம்புக்கேற்பச் சைக்கிளைச் சரிசெய்யும் ஃபிட்டிங் கூலி எல்லாம் வரவேண்டும். முதல் சைக்கிள் வாங்கியபோது கையில் இருந்த முழுக் காசையும் சைக்கிளுக்கே கொடுத்துவிட்டு, நாலு மாதம் ரப்பர் செருப்போடு மிதித்தவள் நான்.

ட்ரை பைக்குக்கும் ரோடு பைக்குக்கும் பெரிய வித்தியாசம் சீட் குழாயின் சாய்வுதான். ரோடு பைக்கில் அது 73, 74 டிகிரி இருக்கும். ட்ரை பைக்கில் 76-க்கு மேல், சிலதில் 80 வரைகூட. அதாவது உங்களைத் தூக்கி பெடலுக்கு நேர் மேலே, முன்னால் வைக்கும். முழங்கையை ஊன்றிக் குனிந்தாலும் தொடை வயிற்றில் இடிக்காது. 90 கி.மீ. மிதித்து இறங்கிய பிறகு 21.1 கி.மீ. ஓட வேண்டுமே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் நீங்கள் வருஷத்தில் ஓட்டப்போகிற நூறு நாளில் போட்டி நாள் ஒன்றோ இரண்டோ. மற்ற நாளெல்லாம் பஸ், லாரி, குறுக்கே ஓடும் நாய், எதிர்த்திசையில் வரும் மோட்டார் பைக். அங்கே கை எப்போதும் பிரேக் பக்கத்திலேயே இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, கோவாப் பாதை நம் ஈசிஆர் மாதிரி தட்டையும் இல்லை. ஏற்றத்தில் ரோடு பைக் கைகொடுக்கும்.

க்ளிப்-ஆன் பார் போட்டால் உண்மையிலேயே வேகம் கூடுமா, இல்லை சும்மா ஸ்டைலா? (மதுரை)

கூடும். 1989 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாளைக் கேட்டுப் பாருங்கள். வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கி.மீ., ஒவ்வொருவராகத் தனியே நேரம் பார்த்து ஓட்டும் கட்டம். கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். முன்னால் இருந்தவர் லோரான் ஃபின்யோன். லெமாண்ட் ஹேண்டில்பாரில் முழங்கை ஊன்றும் கம்பி மாட்டியிருந்தார், ஃபின்யோன் மாட்டவில்லை. மொத்தப் பந்தயத்தையே 8 விநாடி வித்தியாசத்தில் லெமாண்ட் ஜெயித்தார். அந்தக் கம்பியை அதற்கு முன்பே மாட்டிக்கொண்டு ஓட்டியவர்கள் ட்ரையத்லான்காரர்கள்தான்.

தட்டைச் சாலையில் 30 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போகிறது. அந்தக் காற்றில் முட்டுவது சைக்கிளைவிட நம் உடம்புதான். மார்பைக் குறுக்கினால் லாபம், அவ்வளவுதான் கணக்கு.

ஆனால் மாட்டிவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள். ரோடு பைக்கில் பாரை மட்டும் மாட்டினால் சீட் பின்னாலும், பார் கை எட்டாத தூரத்திலும் இருக்கும். பத்து கி.மீ.யில் இடுப்பு கெஞ்சும். நான் வீட்டில் செய்வது இது: கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு ஒன்றை சீட் மூக்கிலிருந்து தொங்க விடுவேன். நூல் பெடல் அச்சின் (இரண்டு பெடல் கைகளும் ஃப்ரேமில் சேரும் அச்சு) நடுவுக்கு எத்தனை செ.மீ. பின்னால் விழுகிறது என்று சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். சீட்டை இரண்டு, மூன்று செ.மீ. முன்னால் தள்ளி மறுபடி நூலைப் பார்ப்பேன். சீட் முன்னால் வந்தால் பெடலுக்கும் அதற்கும் உள்ள தூரம் குறையும், அதனால் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பிறகு ரசமட்டம் வைத்து சீட் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தும் கை நீட்டித்தான் இருக்கிறது என்றால் சின்ன ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃப்ரேமோடு பிடிக்கும் குட்டைக் கம்பி) வாங்குங்கள், பெரிய செலவில்லை.

என் உயரம் 5 அடி 2 அங்குலம். கடையில் "சின்ன சைஸ் இல்லை, ஸ்டெம்மை மாற்றிச் சரி பண்ணிக் கொடுக்கிறோம்" என்கிறார்கள். தள்ளுபடியும் உண்டு. வாங்கலாமா அக்கா? (திருச்சி)

வேண்டாம் கண்ணு. என் முதல் தப்பு இதேதான். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு சைஸ் பெரிதாக வாங்கினேன். ஸ்டெம்மைச் சின்னதாக்கினேன், சீட்டை முடிந்த மட்டும் இறக்கினேன். இரண்டு வருஷம் கழுத்து வலியோடு ஓட்டி, பாதி விலைக்குக் கொடுத்தேன்.

கடையில் சொல்லும் 48, 51 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் அது ஒரு மாதிரி. 'ஸ்டாக்', 'ரீச்' என்ற இரண்டு அளவைக் கேளுங்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். இந்த இரண்டும் பொருந்தினால் மிச்சத்தைச் சரிசெய்துகொள்ளலாம். கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளத்தையும் பாருங்கள். உங்கள் உயரத்துக்கு 165 மி.மீ. கிடைத்தால் நல்லது. குனிந்து மிதிக்கும்போது முழங்கால் மேலே வந்து இடிப்பது குறையும். வாங்குவதற்கு முன் ஏறி உட்கார்ந்து, பெடலில் கால் வைத்தபடி முன் சக்கரத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்ன ஃப்ரேம்களில் கால் நுனி சக்கரத்தில் உரசலாம். மெதுவாக வளைக்கும்போது மட்டும் வரும் தொந்தரவு, ஆனாலும் தெரிந்து வாங்க வேண்டும்.

ஒருவர் பழைய கார்பன் ட்ரை பைக்கை 1 லட்சத்துக்குக் கொடுக்கிறேன் என்கிறார். ரிம் பிரேக், 11 கியர். என்ன பார்த்து வாங்குவது? (கோவை)

நல்ல கேள்வி. எல்லோரும் இப்போது டிஸ்க் பிரேக்குக்கு மாறுவதால் ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) ட்ரை பைக்குகள் மலிவாக வெளியே வருகின்றன. நம் மாதிரி ஆட்களுக்கு இது வாய்ப்பு. தட்டைச் சாலையில் ரிம் பிரேக் தாராளமாகப் போதும்.

பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள், துணி ஒன்றும் ஒரு ரூபாய் நாணயமும் எடுத்துப்போங்கள். அழுக்கைத் துடைத்துவிட்டு ஃப்ரேம் முழுக்க நாணயத்தால் மெல்லத் தட்டுங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். திடீரென்று ஓரிடத்தில் சத்தம் மந்தமாகி 'தொப்' என்றால் அங்கே உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கலாம். பெடல் அச்சைச் சுற்றியும், சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பம்) இறுக்கும் இடத்திலும், முன் ஃபோர்க் மேல்முனையிலும் கட்டாயம் பாருங்கள். பெயின்டில் முடிபோல ஒரு கோடு இருந்தால், அது கீறலா விரிசலா என்று தெரிகிறவரை காசை எடுக்காதீர்கள்.

அடுத்தது சீட் போஸ்ட். விற்பவர் எதிரிலேயே கழற்றி மேலே இழுக்கச் சொல்லுங்கள். என் இரண்டாவது தப்பு இங்கேதான். ட்ரையத்லான்காரர்களின் வியர்வை முழுக்க ஹேண்டில்பாரிலும் ஃப்ரேமிலும்தான் சொட்டும், அதோடு கடற்காற்று உப்பு. நான் வாங்கியதில் போஸ்ட் உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு ராத்திரி எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மூன்றாம் நாள் இரண்டு பேர் முறுக்கியும் அசையவில்லை. கடைசியில் அறுத்து எடுத்தோம். ஏரோ வடிவ போஸ்ட் என்பதால் மாற்றுக்கு ஐந்து மாதம் காத்திருந்தேன்.

அதையும் கவனியுங்கள். பல ட்ரை பைக்குகளில் ஹேண்டில்பார், பிரேக், போஸ்ட் எல்லாம் அந்த மாடலுக்கென்றே செய்தவை. உடைந்தால் ஊரில் கிடைக்காது. சாதாரண ஸ்டெம், சாதாரண பிரேக் மாட்டக்கூடிய மாடல் பார்க்கக் கொஞ்சம் பழசாகத் தெரிந்தாலும் அதையே எடுங்கள். செயின் தேய்மானத்தை அளக்கும் கருவி சல்லிசு, அதையும் கொண்டுபோங்கள். செயின் தேய்ந்திருந்தால் கேசட்டும் (பின்சக்கரப் பல்சக்கர அடுக்கு) போயிருக்கலாம், அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஃப்ரேம் நம்பரும் பில்லும் கேளுங்கள். பில் இல்லை என்றால் என்ன விலை சொன்னாலும் வேண்டாம், திருட்டுச் சைக்கிளாக இருந்தால் நாம்தான் மாட்டுவோம்.

எல்லாம் சரியாக இருந்து, ஸ்டாக்கும் ரீச்சும் உங்களுக்குப் பொருந்தினால் வாங்குங்கள்.

கிளாரிஸா, 105-ஆ? கார்பனா, அலுமினியமா?

எல்லாம் ஷிமானோ கம்பெனியின் கியர் வரிசைகள், எண் பின்பக்கக் கியர்களுடையது: கிளாரிஸ் 8 கியர், சோரா 9, டியாக்ரா 10. புது 105 பெரும்பாலும் 12. சோரா கிடைத்தால் போதும். கிளாரிஸாலும் கோவாவை முடிக்கலாம். கார்பன் எடை குறைவு, ஆனால் தட்டைச் சாலையில் ஒரு கிலோ பெரிய விஷயமே இல்லை. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை.

விளிம்பு 60 மி.மீ. ஆழமான கார்பன் சக்கரம் போடலாமா? (சென்னை)

முட்டுக்காடு பாலத்தில் பத்து மணிக்குக் கடல்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது அந்தச் சக்கரத்தோடு ஒரு தடவை போங்கள், பதில் உங்களுக்கே தெரியும். முதலில் டயரை மாற்றுங்கள். சைக்கிளோடு வரும் டயர் பெரும்பாலும் கல்லு மாதிரி கெட்டி. பந்தயத்துக்கான நல்ல டயர், 28 மி.மீ. அகலம் நுழைந்தால் 28, கொஞ்சம் குறைந்த காற்றழுத்தம். சக்கரத்துக்குக் கொடுக்கும் காசில் சின்னப் பங்குதான் ஆகும். அடுத்து, காற்றில் படபடக்காத இறுக்கமான சட்டை. சக்கரம் அதற்கெல்லாம் பின்னால்தான்.

எனக்கு 54 வயது. வீட்டில் ஹைப்ரிட் சைக்கிள்தான் இருக்கிறது. ஸ்ப்ரின்ட் போட்டிக்கு (குறுகிய தூர ட்ரையத்லான்) அதிலேயே வரலாமா?

தாராளமாக வாருங்கள் சார். ஸ்ப்ரின்ட்டில் சைக்கிள் 20 கி.மீ.தான். இரண்டு பிரேக்கும் பிடிக்க வேண்டும், ஹேண்டில்பார் முனை இரண்டிலும் அடைப்பான் இருக்க வேண்டும். ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்க வேண்டும். நிறையப் பேர் அவசரத்தில் மாற்றிச் செய்து தண்டனை வாங்குவது அங்கேதான். புதுச் சைக்கிளை அந்தப் போட்டி முடிந்த பிறகு யோசியுங்கள்.

ஏரோ பாரில் குனிந்தால் சீட் குத்துகிறது, உட்காரவே முடியவில்லை. வெளியே கேட்கவும் கூச்சம். (பெயர் வேண்டாம்)

இதில் கூச்சமே வேண்டாம்மா, ஆண் பெண் எல்லோருக்கும் உள்ளதுதான். குனியும்போது எடை உட்காரும் எலும்பிலிருந்து முன்பக்கம் சாய்கிறது, சாதாரண சீட் அதற்குச் செய்யப்பட்டதில்லை. மூக்கு பிளந்த, குட்டையான ட்ரை சீட் வாங்குங்கள். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். என்னிடம் இரண்டு சும்மா கிடக்கின்றன. ஞாயிறு ஐந்தரைக்குத் திருவான்மியூர் வந்தால் ஆலன் கீ, தூக்குக்குண்டு எல்லாம் கொண்டுவருகிறேன், அங்கேயே மாட்டிப் பார்த்துவிடலாம்.